வைஃபை நெரிசல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். 300 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருந்தும், இரவு எட்டு மணிக்கு மேல் அலுவலக வீடியோ கூட்டம் தடுமாறுகிறது. செல்பேசிச் செயலி ஒன்றில் பார்த்தபோது அண்டை வீடுகளின் வைஃபை எல்லாம் 1, 6, 11 ஆகிய சேனல்களிலேயே குவிந்திருந்தன. ஆளில்லாத 3ஆம் சேனலுக்கு மாற்றிப் பார்த்தேன்; நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்? – வாசகி ஒருவர், வேளச்சேரி

பதில்: முதலில் மடிக்கணினியைக் கேபிள் வழியாக ரவுட்டரில் இணைத்து, அதே இரவு நேரத்தில் வேகத்தை அளந்து பாருங்கள். அப்போதும் வேகம் குறைவாக இருந்தால் குறை சேவை நிறுவனத்தின் இணைப்பில்தான் இருக்கிறது. வைஃபையில் எதை மாற்றினாலும் பயனில்லை. கேபிளில் சரியாக வந்து, வைஃபையில் மட்டும் குறைந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

3ஆம் சேனல் காலியாக இருப்பதாகத் தெரிவது ஒரு மயக்கமே. வைஃபை பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதன் தடங்களான சேனல்களின் மையப்புள்ளிகள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருக்க, ஒவ்வொரு ரவுட்டரும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2422 மெகாஹெர்ட்ஸில் மையம் கொண்ட 3ஆம் சேனல் 2412 முதல் 2432 வரை பரவுவதால், ஒருபுறம் 1ஆம் சேனலின் மேற்பாதியிலும் மறுபுறம் 6ஆம் சேனலின் கீழ்ப்பகுதியிலும் காலை வைக்கிறது. ஒன்றோடொன்று உரசாமல் மூன்று பேர் இருப்பதற்கு வழக்கமாகப் பயன்படுபவை 1, 6, 11 ஆகியவையே. உங்கள் அண்டை வீட்டார் அங்கே குவிந்திருப்பதில் தவறேதும் இல்லை.

வைஃபை கருவிகள் பேசும் முன் காது கொடுத்துக் கேட்கும் வழக்கமுடையவை. ஒரே சேனலில் வேறொரு கருவி பேசுவது தெரிந்தால், அது முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு தன் முறைக்குப் பேசும். தண்ணீர் லாரி வரும்போது குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருப்பதைப் போன்றது அது. தாமதமானாலும் குடம் நிரம்பிவிடும். பாதி மட்டும் மேற்பொருந்தும் பக்கத்துச் சேனலின் பேச்சோ பெரும்பாலும் வெறும் இரைச்சலாகவே வந்து சேரும். அதற்கு வரிசை கிடையாது. தரவு சிதைகிறது, மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கிறது, அந்த மறு அனுப்புதல் நெரிசலை இன்னும் கூட்டுகிறது. ஆகவே 1, 6, 11இல் நெருக்கம் குறைந்ததற்கே திரும்புங்கள். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே நிறுத்துங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2450 மெகாஹெர்ட்ஸையொட்டி இரைவதால், சமையலறைக்கு அருகில் ரவுட்டர் இருந்தால் 1ஆம் சேனல் ஓரளவு தப்பிக்கும்.

ஆனால் உங்களுக்கு உண்மையான விடுதலை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இருக்கிறது. (ரவுட்டரின் பெயரோடு ‘5ஜி’ என்று காட்டுவது இதைத்தான், செல்பேசியின் 5ஜிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இந்தியாவில் 2018 அக்டோபரில் 5150–5350, 5470–5875 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. இந்த அலைகள் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது அதிகம் வலுவிழக்கும் என்று பலர் குறை சொல்வார்கள். அடுக்குமாடியில் அதுவே வரம் என்பேன், ஏனெனில் மேல்வீட்டாரின் இரைச்சலும் உங்கள் வீட்டுக்குள் வர முடியாமல் நின்றுவிடுகிறது. மடிக்கணினி, தொலைக்காட்சி, செல்பேசிகளை இங்கே மாற்றிவிட்டு, அழைப்புமணி, மின்விளக்கு போன்ற சிறு கருவிகளை மட்டும் 2.4இல் விடுங்கள். அகலத்தை 80இலிருந்து 40ஆகக் குறைத்தால் செயலி காட்டும் உச்ச வேகம் இறங்கும், ஆனால் மோதுவதற்கான வாய்ப்பும் குறைவதால் கூட்டம் சீராக நடக்கும். 52 முதல் 144 வரையான சேனல்கள் ரேடாருடன் பங்கிடப்பட்டவை. ரவுட்டர் அவற்றில் குறைந்தது ஒரு நிமிடம் செவிமடுத்த பிறகே பேசத் தொடங்க வேண்டும், இடையில் ரேடார் தென்பட்டால் உடனே விலகவும் வேண்டும். அலுவலகக் கூட்டத்துக்கு 36–48 அல்லது 149–161 நிம்மதியானது.

கேள்வி: மகன் புகைப்படங்களை இணையத்தில் பேக்கப் எடுக்கும்போதெல்லாம் என் காணொளி அழைப்பு உடைகிறது. பக்கத்து வீட்டு வைஃபைதான் காரணமா? – வாசகர் ஒருவர், அண்ணா நகர்

பதில்: பக்கத்து வீட்டார் மீது பழி போட வேண்டாம். பேக்கப் உங்கள் பதிவேற்றப் பாதை முழுவதையும் நிரப்பிவிடுகிறது. ரவுட்டர் அந்தத் தரவை நீண்ட வரிசையில் தேக்கிவைக்க, உங்கள் குரல் அதன் வாலில் போய் நிற்கிறது. ரவுட்டரின் அமைப்பில் கியூஓஎஸ் (எந்தத் தரவு முதலில் போக வேண்டும் என்று வகுக்கும் வசதி) என்ற பகுதி இருக்கும். அங்கே பதிவேற்ற வேகத்தை, நீங்கள் உண்மையில் அளந்ததில் ஏறத்தாழ 90 சதவீதமாக வரையறுத்தால், தேக்கம் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். அழைப்புக்கு முன்னுரிமை கொடுப்பதும் அதன்பின்தான் பலிக்கும். அந்த வசதியே இல்லாத மலிவு ரவுட்டர் என்றால், பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பின்னறையில் சிக்னல் இல்லை. ரிப்பீட்டர் வாங்கலாமா? – வாசகி ஒருவர், தாம்பரம்

பதில்: வாங்கும் முன், ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ தரையிலோ இருக்கிறதா என்று பாருங்கள், திறந்த உயரமான இடத்துக்கு மாற்றினாலே பல வீடுகளில் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், ஒவ்வொரு தரவையும் காற்றில் இருமுறை பேசவைப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பின்னறை வரை ஒரு கேபிள் இழுத்து, அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் கருவி) வைப்பதே என் பரிந்துரை. வாடகை வீடாக இருந்தால், சுவரில் துளையிடும் முன் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.