ஆய்வேடும் வீட்டுக் கஷ்டமும்: ஆராய்ச்சிப் பிரிவு ஜன்னலிலிருந்து சில பதில்கள்

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிஎச்.டி. வாங்கியதில்லை, வாங்க வந்தவர்களின் கோப்புகளைக் கட்டி வைத்தவள். வீட்டில் சாவு, விவாகரத்து, பிள்ளைப்பேறு, கடன் என்று ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும்போதே ஆய்வேட்டை முடிக்க வேண்டியவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. கேட்டவரின் புனைபெயர் முன்னால் இருக்கும், பெயர் இல்லாமல் வருவது என் பதில். விதி, கெடு, படிவம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மற்றதற்கு ஆள் நானில்லை.

ஆறாம் ஆண்டு: அக்கா, அப்பாவுக்குப் பக்கவாதம். எட்டு மாதமாக நான்தான் கூட இருக்கிறேன். முழுநேர ஆய்வாளர். பதிவு செய்து ஐந்தரை வருஷம் ஆகிறது. ஐந்து இயல்களில் மூன்று முடிந்திருக்கின்றன. விட்டுவிடலாமா?

விடாதீர்கள் தம்பி. ஆனால் இன்றைக்கு நான்காம் இயலை எழுத உட்காராதீர்கள். முதலில் மனு எழுதுங்கள்.

எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) இப்போதைய பிஎச்.டி. விதிமுறை 2022 நவம்பர் 7ஆம் தேதி அரசிதழில் வந்தது. அதன்படி சேர்ந்த நாளிலிருந்து ஆறு வருஷம்தான் உச்சம். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு வருஷம் வரை வாங்கலாம், ஆக எட்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு, ஆக பத்து. அந்தத் தேதிக்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய 2016 விதி. அதிலும் ஆறு வருஷம்தான். அதற்கு மேல் நீட்டிப்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த விதியைப் பொறுத்தது. எதுவானாலும் "தரலாம்" என்றுதான் இருக்கிறதே தவிர "தந்தே ஆக வேண்டும்" என்று இல்லை. அதனால்தான் மனு முக்கியம்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பதிவு எண், பதிவு செய்த தேதி, முடிந்த இயல்கள், மீதி வேலைக்கு மாதக் கணக்கு. "நான்காம் இயலுக்கு மூன்று மாதம், ஐந்தாவதுக்கு இரண்டு, திருத்தத்துக்கு இரண்டு" என்று எழுதியிருந்தால் கமிட்டியில் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். இரண்டு பக்கம் அழுதிருந்தால், படித்துவிட்டுப் பாவம் என்பார்கள், "முடிப்பாரா?" என்றும் கேட்பார்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி நகலை இணையுங்கள். நெறியாளர், துறைத்தலைவர் கையெழுத்தோடு தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு பையன் இருந்தான். அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நெறியாளர் நல்ல மனுஷன், "நீ அம்மாவைப் பாரு, நீட்டிப்பை நான் பார்த்துக்கறேன்" என்றார். பையனும் நம்பினான். நான் கோப்பைத் திறந்த அன்று கெடு முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. உள்ளே நீட்டிப்பு கேட்டு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட் வரை போய் ஏழு மாதம் கழித்துத்தான் சரியானது. அந்த ஏழு மாதத்தில் அவன் ஒரு வரி எழுதவில்லை.

இன்னொன்று. வேலை நடக்காத ஆறு மாதத்துக்கும் முன்னேற்ற அறிக்கை கொடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு கொடுக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். "இந்தப் பருவத்தில் குடும்பச் சூழலால் நூற்பட்டியல் மட்டும் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்தால் அது ஆவணம். ஒன்றுமே இல்லையென்றால் நீங்கள் காணாமல் போனவர்.

மூணு மாசக் குழந்தை: பிரசவ விடுப்பு எடுத்தால் அந்த நாட்கள் கெடுவில் கழியுமா மேடம்?

பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்த ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை தரலாம் என்று 2016 விதியிலும் இருக்கிறது, 2022 விதியிலும் இருக்கிறது. அது கெடுவில் எப்படிக் கணக்காகும் என்பதை உங்கள் பல்கலைக்கழக ஆணையில் எழுத்தாகக் கேளுங்கள். குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் மனு கொடுக்கவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? இன்றைக்கே கொடுங்கள். முத்திரை வாங்குங்கள்.

பகுதிநேரன்: நெறியாளர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். நான் கடன், வேலை மாற்றம் என்று அலைகிறேன். அவர் போய்விட்டால்?

ஓய்வுக்குப் பிறகு இணை நெறியாளராகத் தொடரலாம், 70 வயது வரை. 2022 விதியில் இருக்கிறது. முதன்மை நெறியாளராக இன்னொருவர் வேண்டும். அது யார் என்பதை இப்போதைய நெறியாளர் ஓய்வு பெறுவதற்கு முன் முடிவு செய்து ஆணை வாங்குங்கள். ஓய்வு பெறும் நாளன்று மாலை போட்டு, பிரியாணி போட்டு அனுப்பிவிட்டு மறுநாள் என்னிடம் ஓடி வந்தவர்கள் நிறைய.

கரிசல்: கல்யாணமாகி வேறு ஊர் போகிறேன். முதலிலிருந்து தொடங்கணுமா?

வேண்டாம். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம் மாறும் பெண் ஆய்வாளர் தன் ஆய்வுத் தரவைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோக விதி அனுமதிக்கிறது. பழைய நிறுவனமோ நெறியாளரோ வெளி நிதியில் வாங்கிய திட்டத்தைச் சேர்ந்த ஆய்வாக இருந்தால் முடியாது. பழைய இடத்தில் செய்த வேலைக்கு அவர்களுக்கு உரிய பெருமையையும் தர வேண்டும்.

தூக்கமில்லாதவன்: என் மனைவி இறந்து நாலு மாதம் ஆகிறது. கோப்பைத் திறந்தாலே கை நடுங்குகிறது. இதற்கு ஏதாவது வழி?

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை ஐயா. 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். என் ஜன்னல் சம்பந்தப்பட்ட பாதியை மட்டும் சொல்கிறேன்: மனுவை நீங்கள் எழுத வேண்டியதில்லை. நண்பர் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்.

சீக்கிரம் வேணும்: நேரமே இல்லை. நாலு இயலையும் எழுதித் தர ஆள் இருக்கா? பணம் பிரச்சினை இல்லை.

இல்லை.

டென் பர்சன்ட்: ஒப்புமைச் சோதனையில் 23 சதவீதம் பிறர் எழுத்தோடு ஒத்துவருகிறது. அம்மா ஐசியுவில் இருந்தபோது அவசரமாகத் தொகுத்தது. பதிவு ரத்தாகுமா?

ஆகாது. பயப்படாதீர்கள். யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்திக் கொடுக்க ஆறு மாதத்துக்கு மிகாமல் அவகாசம் தருவார்கள். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்தியதைக் கொடுக்க ஒரு வருஷம் தடை. 60க்கு மேல்தான் பதிவு ரத்து. மேற்கோள் குறி போட்டு ஆதாரம் காட்டிய பகுதி, நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை எல்லாம் கணக்கில் வராது. அவற்றைக் கழித்துவிட்டுத்தான் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு: பழைய இயல்களைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றி, ஒரு முறை வாசித்துவிடுங்கள். மாற்றும்போது கொம்பும் துணைக்காலும் இடம் மாறி உட்காரும். கொடுக்கிற வாரத்தில் டிடிபி கடையில் உட்கார்ந்து அதைத் திருத்தியவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

ராமநாதபுரம்: எனக்கும் ஆறாவது வருஷம். நீட்டிப்பு கிடைக்குமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

நெல்லைச் சிட்டு: அம்மா, இது விதி பற்றிய கேள்வி இல்லை. கோர்ட்டில் விவாகரத்து நடக்கிறது. ஆய்வேடு அடுத்த மாதம் கொடுக்கிறேன். நாலு வருஷம் ஃபீஸ் கட்டியது அவர்தான். நான் களப்பணிக்குப் போனபோதெல்லாம் குழந்தையைப் பார்த்தது அவர் அம்மா. நன்றியுரையில் என்ன எழுதுவது?

விதி பற்றிய கேள்வி இல்லைதான், ஆனாலும் என் துறை. பிரிவில் வேலை ஓய்ந்த மத்தியானங்களில் நான் படித்ததெல்லாம் நன்றியுரைதான். எல்லாரும் "என்னை ஈன்றெடுத்து" என்று தொடங்கி "தட்டச்சு செய்து தந்த" என்று முடிப்பார்கள். நடுவில்தான் விஷயம் இருக்கும். ஒருத்தர் கடைசி வரியில், மருத்துவமனை ஐந்தாம் மாடி வராந்தாவில் தனக்கு பிளக் பாயிண்ட் காட்டிக்கொடுத்த காவலாளி அண்ணனுக்கு நன்றி சொல்லியிருந்தார். அந்த ஆய்வேட்டின் தலைப்பு மறந்துவிட்டது. அந்த அண்ணனை மறக்கவில்லை.

உங்களுக்கு: நன்றியுரைக்கு மதிப்பெண் கிடையாது. யார் பெயர் இருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. நெறியாளருக்கும் நிறுவனத்துக்கும் சொல்லிவிட்டு அரைப்பக்கத்தில் முடித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஏறிவிட்டால் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அநேகமாக நன்றியுரை தனிக் கோப்பாகவே இருக்கும். உங்கள் மகள் இருபது வயதில் படிப்பாள் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பகுதிநேரன்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாலு வருஷம் ஃபீஸ் கட்டினவர் பெயரை விடுவது நியாயமா? சண்டை வேறு, நன்றி வேறு.

கரிசல்: அண்ணே, கோர்ட்டு நடக்கும்போது "அன்புக் கணவருக்கு நன்றி" என்று அச்சில் போட்டால், அவர் தரப்பு வக்கீல் அதை எடுத்து ஜட்ஜ் முன்னால் வைப்பார். "கொடுமை செய்தார் என்கிறவர் போன மாதம்தான் இப்படி எழுதியிருக்கிறார்" என்பார்.

பகுதிநேரன்: ஒரு வரி நன்றிக்குக் கேஸ் கவிழ்ந்துவிடுமா?

கரிசல்: ஒரு வாட்ஸ்அப் ஸ்மைலியையே கொண்டுவந்து வைக்கிறார்கள்.

ஆறாம் ஆண்டு: ஃபீஸ் கட்டினதுக்கு ரசீது இருக்கிறதே. நன்றி எதற்கு?

கொஞ்சம் பொறுங்கள். பகுதிநேரன் தம்பி, உங்கள் மனைவி உங்களுக்காக எத்தனை வருஷம் சோறு வடித்தார், அதற்கு எந்த ஆய்வேட்டில் ரசீது கொடுத்தீர்கள் என்று கேட்கப் போவதில்லை. கரிசல் சொல்வது சட்டம். அதை நெல்லைச் சிட்டுவின் வக்கீல்தான் சொல்ல வேண்டும், அவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நான் சொல்ல நினைப்பது வேறு: கேள்வியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லாரும் ஃபீஸ் கட்டினவரைப் பற்றியே பேசுகிறீர்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்ட அவர் அம்மாவைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

பகுதிநேரன்: அது சரி.

இன்னொரு வாசகி: இதோடு ஒன்று கேட்கலாமா? பட்டச் சான்றிதழில் அப்பா இனிஷியல், பிஎச்.டி. பதிவில் கணவர் இனிஷியல். இப்போது பிரிந்துவிட்டோம். ஆய்வேட்டில் எது?

பதிவில் இருப்பதுதான். அட்டையில் ஒன்று, பதிவுச் சான்றில் ஒன்று என்று இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அந்த நகலோடு மனு கொடுங்கள். அதற்கு நாளாகும். சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுப்பதற்கு முன்பே செய்யுங்கள். கொடுத்த பிறகு என்றால் பட்டம் கையில் வரட்டும், அப்புறம் பார்க்கலாம். முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

தஞ்சாவூர்க்காரன்: அம்மா தவறிப் போன பதினோராம் நாள் வைவா (வாய்மொழித் தேர்வு). தள்ளிப்போடக் கேட்கலாமா?

கேட்கலாம். தேதி நெறியாளரும் வெளித்தேர்வாளரும் பேசி வைப்பது, வானத்திலிருந்து விழுவது இல்லை. ஆனால் கேட்காமலே வந்த ஒருவரை எனக்குத் தெரியும். மொட்டைத் தலையோடு வந்து அரை மணி நேரம் பதில் சொன்னார். முடிந்ததும் வெளித்தேர்வாளர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வந்தது சரியா தப்பா, எனக்குத் தெரியாது. உங்கள் இஷ்டம்.

புள்ளியியல்: சாம்பிள் 120 போதுமா?

நெறியாளரிடம் கேளுங்கள்.

கோவை ஆய்வாளர்: ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆகணுமா? வீட்டுச் சூழலில் ஒன்றுமே எழுதவில்லை.

2016 விதியில் ஒரு கட்டுரையும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் கட்டாயம். 2022 விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தானாக வைத்திருக்கலாம். பிரிவில் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு மூன்று நாளில் போடும் பத்திரிகை பக்கம் மட்டும் போகாதீர்கள்.

சேலம்: மேடம், ஆறு வருஷம் முடியப்போகுது, மாமனாருக்கு உடம்பு சரியில்லை, நீட்டிப்பு...

விருதுநகர்: ஏழாவது வருஷம், நீட்டிப்பு...

பெயர் வேண்டாம்: நெறியாளர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், நீட்டிப்புக்கு நானும் தனியா மனு...

மூன்று பேருக்கும் முதல் பதில். பெயர் வேண்டாம், உங்களுக்கு முதல் பதிலின் நான்காம் பத்தி. இரண்டு முறை படியுங்கள்.

நெல்லைச் சிட்டு: எழுதிவிட்டேன் அம்மா. வக்கீலிடமும் காட்டினேன். நெறியாளர், துறை, களத்தில் பேசிய பெண்கள், அப்புறம் "நான் ஊர் ஊராகப் போன நாட்களில் என் மகளுக்குத் தலை பின்னிவிட்ட அவள் ஆச்சிக்கு". வேறு யாரும் இல்லை.

போதும். பைண்டிங் கொடுப்பதற்கு முன் பக்க எண்ணைச் சரிபாருங்கள். நன்றியுரையில் ஒரு வரி கூடினாலும் பொருளடக்கம் நகர்ந்துவிடும்.

அரியலூர்: வணக்கம், புதிதாக வந்தேன். எனக்கு நீட்டிப்பு கிடைக்குமா?

மணி மூன்றரை. முதல் பதிலைப் படித்துவிட்டு மனுவை எழுதினால் இன்றைக்கே கொடுத்துவிடலாம். தபால் பிரிவு ஜன்னலை ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள், சில நாள் நாலே முக்காலுக்கே.