வாசகர் கேள்வி: எத்தனை முறைதான் ஊதுவது?

கேள்வி: சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள அப்பா, பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் மருந்து ஆய்வில் இருக்கிறார். ஸ்பைரோமெட்ரி எனும் மூச்சுச் சோதனையில் ஐந்தாறு தடவை ஊதச் சொல்கிறார்கள். சோர்ந்துபோகிறார். ஒரு தடவை போதாதா?

பதில்: போதாது. முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதுதான் கணக்கு. நல்ல மருந்தால்கூட அது 100 மில்லி அளவுக்குத்தான் கூடும். மூச்சை அரைகுறையாக இழுத்து ஊதினாலே அதைவிட அதிகம் குறைந்துவிடும். அதனால்தான் பிழையில்லாத மூன்று ஊதல்கள் வேண்டும்; அவற்றில் சிறந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்க வேண்டும். பொதுவாக எட்டு தடவையோடு நிறுத்திவிடுவார்கள். தலை சுற்றினால் உடனே சொல்லி ஓய்வெடுக்கட்டும்.

தடவையைக் குறைக்க வழி உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, குழாயைச் சுற்றி உதட்டை இறுக்கி, சட்டென்று முழு வேகத்தில் ஊத வேண்டும். காற்று தீர்ந்ததுபோலத் தோன்றினாலும் விடக்கூடாது. பலர் கோட்டை விடுவது தொடக்கத்தில்தான்: இழுத்த மூச்சைப் பிடித்துவைத்து மெல்ல ஊத ஆரம்பிப்பார்கள். முதல் நொடியில் இருமினாலும் அந்த ஊதல் செல்லாது.

சோதனைக்கு எத்தனை மணி நேரம் முன்பிருந்து இன்ஹேலரைப் போடக்கூடாது என்று ஆய்வுக் குழுவிடம் கேளுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்துக்கு வழக்கமாக 4 முதல் 6 மணி நேரம். மூச்சுத் திணறினால் தயங்காமல் போட்டுக்கொண்டு நேரத்தைச் சொல்லிவிடுங்கள். சோதனையைத் தள்ளிவைக்கலாம், மூச்சைத் தள்ளிவைக்க முடியாது.

கருவியையும் தினமும் 3 லிட்டர் சிரிஞ்சால் சோதிப்பார்கள். 2.91 லிட்டருக்கும் 3.09 லிட்டருக்கும் இடையே காட்ட வேண்டும். ஒரு மையம் இதில் அசட்டையாக இருந்தால் மற்ற மையங்களின் உழைப்பும் கெடும்.

கேள்வி: ரத்தத்தைக் காலையில்தான் எடுப்போம் என்கிறார்களே?

பதில்: நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை உயிரோடு பிரித்து, அன்றே உறைய வைக்க வேண்டும். ஹெபாரின் எனும் உறைதல் தடுப்பு மருந்துள்ள குழாயில் எடுத்த ரத்தம் இரவு முழுக்க நின்றால் வேறு வெள்ளணுக்கள் அடர்த்தி மாறி, பிரித்தெடுக்கும் படலத்தில் கலந்துவிடும். நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி அணுக்களும் மந்தமாகிவிடும். கெடாமலிருக்கட்டும் என்று ஐஸில் வைப்பதும் தவறு. அறை வெப்பம்தான் சரி. பிரித்த அணுக்களை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்வித்து, பிறகு திரவ நைட்ரஜனுக்கு மாற்றுவார்கள்.

கேள்வி: இத்தனை மருத்துவமனைகள் எதற்கு?

பதில்: எண்ணிக்கைக்காக. 2020-ல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு மருந்து பெற்ற 2,104 கோவிட் நோயாளிகளை, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரோடு ஒப்பிட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பிரித்துப் பார்க்க ஒரே மருத்துவமனையின் நோயாளிகள் போதுமானவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.