பேட்டரி சம்ப் பம்ப் என்றால் என்ன, எப்படிப் பொருத்துவது?

சம்ப் என்றதும் சென்னைக்காரர்களுக்குத் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும். கனடா, அமெரிக்க வீடுகளில் அது பேஸ்மென்ட் (நிலத்தடி அறை) தரையில் கசிவுநீர் சேரும் குழி. பெருமழையில் கரன்ட் போனால், அந்த நீரை வெளியேற்றும் மெயின் பம்ப் நின்றுவிடும். அப்போது நம்மூர் இன்வெர்ட்டர் மாதிரி கைகொடுப்பது இந்த 12 வோல்ட் பம்ப்.

இதன் ஃப்ளோட்டை (நீர் ஏறினால் மிதந்து பம்பை ஓடவிடும் சுவிட்ச்) மெயின் ஃப்ளோட்டைவிடச் சில அங்குலம் மேலே கட்டுங்கள். தாழ்வாக வைத்தால் தினமும் இதுவே ஓடி பேட்டரியைக் காலி செய்யும். இரண்டு பம்புக்கும் தனித்தனி செக் வால்வு (ஏறிய நீர் திரும்பிவராமல் தடுப்பது) வேண்டும். பலர் மறப்பது, வால்வுக்குக் கீழே குழிக்குள் இருக்கும் குழாயில் போடவேண்டிய 3 மி.மீ. துளை. அது இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொள்ளும். பம்ப் உறுமும், தண்ணீர் ஏறாது.

பழைய கார் பேட்டரியே போதும் என்பார்கள். போதாது, அது வண்டியைக் கிளப்ப மட்டும்தான், அடிவரை வடிந்தால் சில தடவையிலேயே செத்துவிடும். பலமுறை ஆழமாக வடிந்தாலும் தாங்கும் டீப் சைக்கிள் பேட்டரி வாங்குங்கள்.