விரல் முட்டும் இடம்

அன்புள்ள சார்,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமைகளில் பார்வையற்ற பிள்ளைகள் ஆறு பேருக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். இத்தாலியன் ஓப்பனிங் என்ற தொடக்க நகர்த்தல்களைத் திருக்குறள் மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஆனால் எதிராளி பாடத்தில் இல்லாததை ஆடினால் அப்படியே நின்றுவிடுகிறார்கள். பலகையை ஓயாமல் தடவும் பழக்கம் வேறு. அதை நிறுத்தினால் ஞாபகம் கூடுமா? போட்டிக்கு அனுப்பலாமா?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

தடவுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நாம் பலகையைப் பார்த்துக்கொண்டே இருப்பதை யாராவது பழக்கம் என்கிறார்களா? விதியும் பிள்ளைகள் பக்கம்தான். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்பது செஸ் விதி; ஆனால் அவர்களுக்கான பலகையில் காயைக் குழியிலிருந்து எடுத்தால்தான் 'தொட்டதாக'க் கணக்கு என்கிறது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே. கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் மேடாக இருப்பதும், கறுப்புக் காய்களில் தனி அடையாளம் வைப்பதும் விரலுக்காகத்தானே.

ஒப்பிக்க வைக்கும் தப்பை நானும் செய்தவன். ஒரு பையனிடம், "மந்திரி (பிஷப்) சி4-இல் இருந்து எஃப்7-ஐப் பார்க்குது" என்றேன். (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை.) பேசாமல் உட்கார்ந்திருந்தான். உதவுவதாக நினைத்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக் குறுக்காக இழுத்தேன். கையை உருவிக்கொண்டான். "சொல்லுங்க சார், நானே போறேன்." சரி என்று சொன்னேன்: சி4, டி5, இ6, எஃப்7. போனான். எஃப்7-இல் நின்ற கறுப்புச் சிப்பாயின் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அக்கம்பக்கம் துழாவிவிட்டுக் கேட்டான்: "இதுக்கு ராஜாவை விட்டா வேற காவலே இல்லையா?"

இத்தாலியனில் பாதி அந்தக் கேள்விதான். நான் ஒரு மாதமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்த பாதி.

உங்கள் பிள்ளைகள் நிற்கும் இடத்தையும் இப்படியே பிடிக்கலாம். வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்புச் சிப்பாய் இ5, வெள்ளைக் குதிரை எஃப்3. கறுப்பு தன் குதிரையை சி6-க்குக் கொண்டுவராமல் சிப்பாயை டி6-இல் வைக்கிறது என்று வையுங்கள். இதற்கு ஃபிலிடோர் என்று பெயர். அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். எஃப்8 மந்திரியிலிருந்து குறுக்காக விரலை விடச் சொல்லுங்கள். இ7 காலி. டி6-இல் முட்டும். இ5 சிப்பாய்க்குக் காவல் போட்டதில் கறுப்பு தன் மந்திரியின் தெருவை அடைத்துக்கொண்டது, பிள்ளையின் விரலுக்கே தெரிந்துவிடும். அதற்கு மேல் என்ன ஆடுவது? நம் மந்திரி இப்போதும் சி4-க்கு வரலாம். டி4 என்று நடுவில் மோதலாம். எனக்கு டி4 பிடிக்கும். ஆனால் முடிவைப் பிள்ளையே எடுக்கட்டும்.

போட்டிக்குத் தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்று பழக வேண்டும். அங்கே நகர்த்தலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எதிராளி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பி, டி, இ, ஜி எல்லாம் இரைச்சலில் ஒரே மாதிரிதான் கேட்கும். அதனால் ஆன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர் என்று ஏ முதல் எச் வரையுள்ள நெடுவரிசைகளுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஹெக்டர் மேல் ஏனோ தனிப் பிரியம். வேண்டாத இடத்திலெல்லாம் எச்4 சிப்பாயைத் தள்ளுவார்கள், கவனம்.

தர்பன் இனானியைப் பற்றியும் சொல்லுங்கள். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டில் செஸ்ஸில் தங்கம் வாங்கியவர். சிறுவயதிலேயே பார்வை போனவர்.

வரும் சனிக்கிழமை நீங்களே கறுப்பில் உட்கார்ந்து டி6 ஆடிப் பாருங்கள். ஆறு பேரில் எத்தனை பேர் விரல் எஃப்8-க்குப் போனது என்று எழுதுங்கள்.