தைரொயிட் கூடினால் ஒரு ஆளின் குணம் மாறுமா?

மாறும் தங்கச்சி. உங்கட அவர் கொஞ்ச மாதமாக எரிந்து விழுகிறார், நித்திரை கொள்கிறார் இல்லை, வழமையாகச் சாப்பிட்டும் மெலிகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் சொந்தக்காரர் 'வேறை எங்கையோ தொடர்பு' என்று உங்கள் காதில் ஓதியிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதுதானே முதல் வைத்தியம்.

நான் டொக்டர் இல்லை, கணித வாத்தி. எனக்கும் இதே வருத்தம் வந்தது. கரும்பலகையில் வட்டம் கீறினால் கோணும், வெண்கட்டி கைக்குள்ளேயே முறியும். மார்கழிப் பனியில் வீடே போர்த்துக்கொண்டு படுக்க, எனக்கு விசிறி சுழல வேணும். மனிசி நிப்பாட்டினால் சண்டை. 'சேர், விளங்கேல்லை' என்ற பெடியனுக்கு நான் போட்ட சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்டது. நெஞ்சு எந்நேரமும் ஓடி வந்தவன் மாதிரி அடிக்கும்.

'சேர் இப்ப தவறணைப் பக்கம் போறார் போலை.' இதை முதலில் சொன்னது ஆசிரியர் அறையில் என்னோடு தேத்தண்ணி குடிக்கிற ஒருவர். நான் கள்ளை மணந்துகூடப் பார்க்காதவன். மாமி குறிப்பைத் தூக்கிக்கொண்டு சுன்னாகத்துக்குப் போய், ஏழரைச் சனி என்று கேட்டுக்கொண்டு வந்தா. இந்த வருத்தம் பெண்களுக்குத்தான் கூட வருவது. ஆம்பிளை எனக்கு இருக்குமென்று ஒருத்தரும் நினைக்கவில்லை.

கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் டொக்டர்தான் கேட்டார்: "உங்கட கண் எப்பவும் இப்பிடித்தான் முழிச்சபடியோ?" இரத்தம் பார்க்க அனுப்பினார். தைரொயிட்டைச் சுரக்கச் சொல்லி ஏவுகிற ஓமோன்தான் ரி.எஸ்.எச். அது சாதாரணமாக 0.4க்கும் 4க்கும் இடையில் நிற்கும், எனக்கு 0.01க்கும் கீழே. கிறேவ்ஸ் நோய், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தூண்டிக் கூடச் சுரக்க வைக்கிற வருத்தம். 'குறைவெண்டால் நல்லாச் சாப்பிட்டுக் கூட்டலாம்தானே' என்றா மாமி. தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால், 'சுர' என்று ஏவுகிற மூளைப்பக்கத்துச் சுரப்பி ரி.எஸ்.எச்சைக் குறைத்துவிடும். அதனால் ரி.எஸ்.எச் குறைந்து, தைரொயிட் சுரக்கிற ஓமோனான ரி4 கூடி நின்றால், தைரொயிட் கூடிவிட்டது என்று அர்த்தம். உடம்பு எந்நேரமும் சண்டைக்கு நிற்கிற நிலைக்குப் போய்விடும். நடுக்கமும் கோவமும் அங்கேயிருந்துதான்.

தந்த மருந்துகளில் புரோப்பிரனலோல் நடுக்கத்தையும் படபடப்பையும் கெதியாக அடக்கியது. கார்பிமசோல் வேலை காட்டக் கிழமைக்கணக்கில் எடுத்தது. அது புதிதாய் ஓமோன் உண்டாகிறதைத்தான் தடுக்கும், சுரப்பிக்குள் ஏற்கெனவே சேர்ந்திருந்தது கரைய வேணுமே. கோவமும் அதோடுதான் இறங்கியது. தவறணைக் கதை மட்டும் இறங்கவில்லை. அதைக் கட்டிவிட்டவர் பின்னேரம் முழுக்க ரியூசன் நடத்திவிட்டு, காலையில் வகுப்பில் கதிரையிலேயே நித்திரை கொள்கிறவர். அவரை ஒரு பெற்றோரும் கேள்வி கேட்க மாட்டினம், பிள்ளையள் அங்கேதானே படிக்குதுகள். சரி, அதை விடுவம்.

'எல்லாக் கோவத்துக்கும் தைரொயிட்டைச் சாட்டுறாங்கள்' என்று கீழே எழுத ஆட்கள் வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கடன், வேலைப் பிரச்சினை, உண்மையான குடி, மனநோய் எதுவும் இருக்கலாம். தைரொயிட் குறைந்தாலும் மனம் மாறும்: சோர்வு, மறதி, ஒன்றிலும் பிடிப்பில்லாமை. அவரிடம் 'உங்களுக்கு விசர்' என்று தொடங்காதேங்கோ, நெஞ்சுப் படபடப்புக்கு எண்டு கூட்டிக்கொண்டு போய் ரி.எஸ்.எச்சும் பிறீ ரி4உம் பாருங்கோ.

கார்பிமசோல் தந்தால் ஒன்றை மறக்க வேண்டாம், அது அரிதாகக் கிருமியோடு சண்டை பிடிக்கிற வெண்குருதிக் கலங்களைக் குறைத்துவிடும். தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால் மருந்தை நிப்பாட்டி, அன்றைக்கே டொக்டரிடம் போய் வெண்குருதிக் கலங்களை எண்ணிப் பார்க்கச் சொல்ல வேணும்.