பச்சைக்கிளியின் குணங்கள் என்னென்ன? வீட்டில் வளர்க்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். கிளி ஜோசியக்காரர்களிடமிருந்து வனத்துறை கிளிகளைப் பறிமுதல் செய்வதும் இதனால்தான். (கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சின்னக் கிளி இனம், அது வேறு கதை.) சட்டத்தை விடுங்கள், கிளி எப்படி வாழ்கிற பறவை என்று தெரிந்தாலே கூண்டு வாங்க மனம் வராது என்பது என் எண்ணம்.

உலகத்தில் சுமார் 400 வகைக் கிளிகள் இருக்கின்றன. நம் ஊர்த் தோப்புகளில் கீகீ என்று கத்திக்கொண்டு கூட்டமாகப் பறக்கிற பச்சைக்கிளியின் பெயர் செந்தார்ப் பைங்கிளி. கழுத்தில் கருப்பும் ரோஸுமாக ஆரம் இருந்தால் ஆண். ஆரம் இல்லாததெல்லாம் பெண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், இளம் ஆணுக்கு அது முழுதாக வர மூன்று வருடம் வரை ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் போனால் சிட்டுக்குருவி அளவே இருக்கிற சின்னக்கிளியைப் பார்க்கலாம், அது வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கித் தூங்கும்.

உடல் அமைப்பைச் சொல்வதென்றால் அலகும் காலும்தான் முக்கியம். கிளிக்கு மேல் அலகும் தனியாக அசையும், அதனால் கொட்டையை உடைக்கவும் முடியும், கிளையில் ஏறும்போது மூன்றாவது கால் போலப் பிடித்துக்கொள்ளவும் முடியும். காலில் இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. அதனால்தான் கொய்யாவை ஒரு காலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாகத் தின்கிறது. அப்புறம் மிளகாய்: நம் நாக்கை எரிக்கிற அந்தப் பொருள் பறவைகளுக்கு உறைப்பதில்லை, பழுத்த மிளகாயைக் கிளி ரசித்துத் தின்பது அதனால்தான்.

இனி எல்லோரும் கேட்கிற பேச்சு. நமக்குக் குரல் தொண்டையில் உருவாகிறது, பறவைகளுக்கோ மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற அடிப்பகுதியில். கிளி அதோடு தன் தடித்த நாக்கையும் அசைத்து ஒலியை மாற்றிக்கொள்கிறது. ஆனால் ஏன் பேசுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காட்டில் இருக்கிற கிளி கூட்டத்தின் ஒலிகளைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறது. வெனிசுவேலாவில் ஒரு சின்னக் கிளி இனத்தில் தாயும் தகப்பனும் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனியாக ஒரு கூப்பிடு ஒலி வைத்திருப்பதையே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கூண்டில் தனியாக அடைத்தால் கூட்டம் என்று அதற்கு இருப்பது நாம் மட்டும்தான், அதனால் நம் ஒலியைப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் வளர்த்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி சுமார் 100 சொற்களைக் கற்று நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சரியாகச் சொன்னது, 2007இல் இறந்தது. அவ்வளவு அறிவுள்ள உயிரை நாள் முழுக்க ஒற்றைக் கம்பியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? தனிமையில் அடைபட்ட கிளிகள் தங்கள் இறகைத் தாங்களே பிடுங்கிக்கொள்கின்றன. இறகு வெட்டப்பட்ட கிளி என் தெருவிலேயே உண்டு, அது நாள் முழுக்கக் கத்துவதைக் கேட்கச் சகிக்கவில்லை.

விவசாயிகளுக்குக் கிளி பெரிய தொல்லை என்பதும் உண்மை, சோளத்தையும் சூரியகாந்தியையும் கொய்யாவையும் தின்பதைவிடக் கடித்துக் கீழே போடுவது அதிகம். வலை கட்டித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

கிளியை அருகில் பார்க்க ஆசை என்றால் ஒரு வழி இருக்கிறது. கிளி குச்சி வைத்துக் கூடு கட்டாது, மரப்பொந்திலும் பழைய கோபுர இடுக்கிலும்தான் முட்டையிடும். உங்கள் தோட்டத்தில் தலை போன மொட்டைத் தென்னையோ பனையோ ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் வெட்டாமல் விடுங்கள், மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில் கிளி குடிவரும். பொந்திலிருந்து குஞ்சு விழுந்து கிடந்தால் முடிந்தவரை அதே பொந்தில் திரும்ப வையுங்கள், மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறு. அடிபட்டிருந்தால் அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள், பால் ஊற்றவே ஊற்றாதீர்கள்.