குன்னூர்க் குளிரில் சீமந்தம்: எதை அப்படியே செய்யலாம், எதை மாற்றலாம்?

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். இது எனக்கு முதல் பிரசவம், 27 வாரம் ஆகிறது. கார்த்திகைக் கடைசியில் வீட்டிலேயே சீமந்தமும் வளைகாப்பும் சேர்த்து வைக்க மாமியார் நாள் பார்த்திருக்கிறார். ஹோமம் முடியும்வரை வெறும் வயிற்றோடு இருக்கவேண்டும் என்கிறார்கள். எனக்குச் சர்க்கரைப் பரிசோதனையில் 148 வந்திருக்கிறது. விழா முடிந்த கையோடு திண்டுக்கல்லில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. எதற்கெல்லாம் நான் சரி சொல்லலாம்?

பதில்: பெரும்பாலானவற்றுக்குச் சரி சொல்லலாம். சீமந்தத்தின் முக்கியமான கட்டம், கணவர் மனைவியின் தலைமுடியை முன்நெற்றியிலிருந்து மேல்நோக்கி வகிடு எடுப்பது. அதற்குச் சில நிமிடங்கள் போதும். மீதி நேரமெல்லாம் புகை, ஈரம், பசி, மணையில் சம்மணம் போட்டுக் காத்திருப்பது. மாற்றவேண்டியவை எல்லாம் இந்த மீதி நேரத்தில்தான் இருக்கின்றன.

முதலில் புகையைச் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் அதுதான் பெரிய விஷயம். கீழே சமவெளியில் ஹோமம் என்றால் கதவு ஜன்னல் எல்லாம் திறந்தே கிடக்கும். நம் ஊரில் டிசம்பர் காலையில் ஒரு ஜன்னலைத் திறந்தால், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யாராவது எழுந்துபோய்ச் சாத்திவிடுவார்கள். மூடிய அறையில் சமித்துக் குச்சிகள் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். தாயின் உடலைவிட்டுப் போவதைவிடக் குழந்தையின் உடலைவிட்டுப் போக அதிக நேரம் எடுக்கும். அதனால் ஹோம குண்டத்தை முன்வாசலிலோ, பக்கவாட்டுத் திறந்த கொட்டகையிலோ வையுங்கள். புகை போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் நீங்கள் உட்காருங்கள். தீயில் ஆகுதி இடும் நேரம் முழுக்க அங்கேயே இருக்கவேண்டாம். சங்கல்பத்துக்கும் வகிடு எடுக்கும்போதும் வந்தால் போதுமா என்று வாத்தியாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். விழா இல்லாத நாளிலும் அது ஆபத்து.

அடுத்தது ஈரம். உதகசாந்தியில் மந்திரம் ஓதி வைத்த கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றினால், அந்த ஈரப்புடவையோடு மலைக்காற்றில் நடுங்கவேண்டியிருக்கும். தண்ணீரை இளஞ்சூடாக வைத்துக்கொள்ளலாம், அல்லது தெளித்தால் போதும் என்று கேட்டுப்பாருங்கள். மாற்றுப்புடவையைப் பக்கத்து அறையில் தயாராக வைத்திருங்கள். மணைக்குப் பதில் முதுகு சாயும் நாற்காலியில் உட்கார்ந்தால் எந்த மந்திரமும் கெட்டுப்போகாது.

வெறும் வயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்த அளவுதான் அந்த 148 என்றால், 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வோம். முதலில் உணவிலேயே கட்டுப்படுத்திப் பார்ப்போம். பட்டினி கிடந்துவிட்டு மதியம் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று ஐந்து சாதத்தையும் ஒரே இலையில் சாப்பிடுவதுதான் உங்களுக்கு ஆகாது. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். “அத்தை, டாக்டர் கண்டிப்பா சாப்பிடச் சொல்லியிருக்காங்க” என்று என் பெயரில் பழியைப் போடுங்கள், பரவாயில்லை. மதியம் சுண்டலும் காய்கறியும் முதலில், பிறகு சாதம் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி. அப்புறம், நம் ஊர்ப் பழக்கத்தில் ஒன்று: இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு போடாதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

பும்சவனத்தையும் இதோடு சேர்த்துச் செய்வார்கள். ஆலமொட்டை இடித்த சாறு மூக்கில் விடுவது அதில் உண்டு. நுனியில் தொட்டு வைத்தால் போதும், உள்ளே விடவேண்டாம். ஆண் பிள்ளைக்காக ஏற்பட்ட சடங்கு அது. ஆரோக்கியமான குழந்தைக்கென்று சங்கல்பம் செய்யச் சொல்வது உங்கள் உரிமை. வகிடு எடுக்க முள்ளம்பன்றி முள் கேட்டால், தேயிலைத் தோட்டத்தில் கிடக்கிறதே என்று யாரிடமும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முள்ளம்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. தர்ப்பையை வைத்தே செய்துவிடலாம்.

வளைகாப்பில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஏழாம் மாதத்தைக் கொண்டாடுவது கீழ்நாட்டு வழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். இதே மலையில் வாழும் தோடர் பழங்குடியினரிடம், முதல் கர்ப்பத்தின்போது கணவன் மனைவிக்கு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு அந்தச் சமயத்தில்தான் நடக்கும். வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த மாதத்தில் காது கேட்கத் தொடங்கியிருக்கும், ஆனால் வளையலைவிட உங்கள் குரல்தான் அதற்குத் தெளிவாகக் கேட்கும். கை வீங்கும் காலம் என்பதால் வழக்கமான அளவைவிட ஒரு சுற்றுப் பெரிய வளையலாக வாங்குங்கள். பிரசவ அறைக்குள் போகும்போது கையில் ஊசி ஏற்றக் கண்ணாடி வளையல்களைக் கழற்றச் சொல்வோம். பெரியவர்களிடம் இதை இப்போதே சொல்லி வைத்தால் அன்று அழுகை இருக்காது.

திண்டுக்கல் பயணம் இந்த வாரங்களில் போகக்கூடியதுதான். ஆனால் விழா அன்றே வேண்டாம், ஒரு நாள் தூங்கி எழுந்து போங்கள். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும். மழை கொட்டினால் நாளைத் தள்ளிவையுங்கள், இரவில் இறங்கவே வேண்டாம். சீட் பெல்ட் வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படியட்டும். மேட்டுப்பாளையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடங்கள். பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் கைப்பையிலேயே இருக்கவேண்டும், டிக்கியில் போடாதீர்கள். உங்களை அழைக்கக் காரில் வரும் திண்டுக்கல் உறவினர்களுக்கு நீலகிரிக்குள் வண்டி நுழைய இணையத்தில் எடுக்கும் இ-பாஸ் தேவை. கிளம்பும் முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

விழா நடுவிலோ வழியிலோ ரத்தம் பட்டாலோ, தண்ணீர் கசிந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, குழந்தை அசைவது குறைந்தாலோ, மங்கள ஆரத்திக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.